பக்கவாதத்தில் முடங்கிய கை: தைலம் போதுமா, பயிற்சி வேண்டுமா?

பக்கவாதம் வந்த அப்பாவை டிஸ்சார்ஜ் செய்து மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ கூட்டிப்போன முதல் வாரத்திலேயே யோசனைகள் வரத் தொடங்கிவிடும். “வாதத்துக்கு நல்ல தைலம் ஒண்ணு இருக்கு”, “புறா ரத்தம் தேய்ச்சா கை வந்துரும்.” இந்த அலைச்சலில் போவது பணம் மட்டுமல்ல. கை தேற அதிக வாய்ப்புள்ள முதல் சில மாதங்களும் போய்விடுகின்றன.

கோளாறு கையில் இல்லை

அடைப்போ ரத்தக்கசிவோ ஏற்பட்டது மூளையில். கையை அசைக்கும் பகுதி பாதிக்கப்பட்டதால்தான் கை தொங்குகிறது. மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்கு அந்தக் கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தைலம் இதமாக இருக்கலாம். ஆனால், அதில் தேய்ப்பவர் கைக்குத்தான் பயிற்சி!

என்னென்ன முறைகள்?

*அன்றாட வேலைப் பயிற்சி:* டம்ளரை எடுப்பது, இட்லியைப் பிட்டுச் சாப்பிடுவது, பொத்தான் போடுவது. இதுவே அடிப்படை.

*நல்ல கைக்கு ஓய்வு:* நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையை வேலை வாங்குவது. அமெரிக்காவில் 222 பேரிடம் இரண்டு வாரம் இப்படிச் செய்ததில் நல்ல பலன் கிடைத்ததாக 2006-ல் வெளியான ஆய்வு சொன்னது. அவர்களுக்குப் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆகியிருந்தன. அதனால், ‘லேட் ஆயிருச்சு’ என்று கைவிட வேண்டாம். ஆனால், மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைபவர்களுக்கே இது பொருந்தும்.

*கண்ணாடி சிகிச்சை:* இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடி வைத்தால், நல்ல கையின் பிம்பம் முடங்கிய கை அசைவதுபோலத் தெரியும். கையை இழந்தவர்களின் வலிக்காக இந்த உத்தியைக் கொண்டுவந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்.

*ரோபோ:* பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சியால் கையின் செயல்பாடு கூடுதலாக மேம்படவில்லை. காஸ்ட்லி மெஷின் இல்லையே என்ற கவலை வேண்டாம்.

வீட்டிலேயே பார்த்துக்கலாமா?

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பியும், ஆறு மாதம் கழித்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நிலைமை மேம்படவில்லை என்றது 2017-ல் வந்த முடிவு. குடும்பம் வேண்டும், ஆனால், பிசியோதெரபிஸ்ட்டுக்கு மாற்றாக அல்ல.

எதைச் செய்யக் கூடாது?

முடங்கிய கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு விலகலாம். உட்காரும்போது தலையணையால் கையைத் தாங்குங்கள். பாசத்தில் எல்லாவற்றையும் நீங்களே ஊட்டிவிடாதீர்கள். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும், நேரமானாலும் பரவாயில்லை.

எங்கே போவது?

மதுரைக்காரர்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிசியோதெரபி உண்டு. நகரத்துக்கு அடிக்கடி வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.