அம்மாவின் நாடியில் தப்பிய தாளம்

போன ஆண்டு தீபாவளி விடுமுறைக்குத் திரிங்காப் போயிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒன்னுமில்ல தம்பி. நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு அடிச்சிக்கிற மாதிரி இருக்கு. வாயுதான். தைலம் தேச்சா சரியாப் போயிடும்."

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர் அம்மா. கூடையைச் சுமந்துகொண்டு மேடு ஏறி இறங்கிய கால்கள். அந்த அம்மா பத்தடி நடக்க மூச்சு வாங்குகிறார் என்றால், அதை வயசாகிவிட்டது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இருந்த இரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டினேன். எண்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இதயப் படம் மின்னியது. "அது ஒரு மாசமா அப்படித்தான் மின்னுது. பேட்டரி போயிடுச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க" என்றார். பேட்டரி போகவில்லை. துடிப்பு ஒழுங்காக இல்லை என்று அந்தக் கருவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு பேர் பார்த்திருக்கிறோம், நான் உட்பட. யாருக்கும் அது புரியவில்லை.

மறுநாள் காலை தானா ராத்தா மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் பெயர் தெரிந்துவிட்டது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதாவது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது.

பிரட்டுக்களத்தில் ஆளுக்கொரு குரல்

நம் இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையில் உள்ள சிறு திசுமுடிச்சு ஒன்று மின்சாரத் துடிப்பை அனுப்புகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. அதைக் கேட்டு மேலறைகள் சுருங்கும், பிறகு கீழறைகள் சுருங்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். காலைப் பிரட்டுக்களத்தில் ஒரே ஒரு கங்காணி பெயர் கூப்பிட்டால் வேலை ஒழுங்காக நடக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தினால்? இந்த நோயில் நடப்பது அதுதான். மேலறையின் பல இடங்களிலிருந்து நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட துடிப்புகள் கிளம்புகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. நல்லவேளையாக, நடுவில் உள்ள இன்னொரு முடிச்சு காவல்காரன் போல நின்று சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது. அவை ஒழுங்கில்லாமல் போவதால் நாடியும் தாளம் தப்புகிறது.

படபடப்பு, மூச்சு வாங்குதல், களைப்பு, தலைசுற்றல் ஆகியவை இதன் அடையாளங்கள். சிலருக்கு எந்த அடையாளமும் இருக்காது.

"படபடப்பு எனக்குக் கவலையில்லை. மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதுதான் கவலை" என்றார் டாக்டர். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதய வால்வும் சுருங்கியிருந்தால் இன்னும் அதிகம்.

ஈப்போவில் எடுத்த எக்கோ பரிசோதனையில் அம்மாவின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டார்கள். அம்மாவுக்கு உடனே நினைவு வந்தது. பத்து வயதில் ஒரு மாதம் லயத்தில் படுத்துக் கிடந்தாராம். தோட்டத்து டிரெசர் ஊசி போட்டாராம். தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் அந்த ருமாட்டிக் காய்ச்சல் பல ஆண்டுகள் கழித்து வால்வைக் கெடுக்கக்கூடியது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு கோளாறு, உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு அடைபடுதல், மதுப்பழக்கம் ஆகியவையும் இந்தத் தாளக் கேட்டுக்கு வழிவகுக்கும்.

எலி மருந்தா எனக்கு?

அம்மாவுக்கு இரண்டு மருந்துகள் கொடுத்தார்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒன்று, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். நான் ஷா ஆலாமுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் ராத்திரி போன் செய்து "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். "ஆச்சு தம்பி" என்பார்.

ஆகவில்லை. வார்ஃபரின் எலி மருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று வாரமாக அதை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு நாள் காலை தேத்தண்ணிக் குவளை கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதால், இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அது தற்காலிகப் பக்கவாதம், பெரியது வருவதற்கு முன் அடிக்கும் மணி. ஈப்போவில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் பாதிப்பு இல்லை. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் நாடியே தாளத்தில் இல்லை.

எலி மருந்து என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைச் சொன்னார். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைக் கண்டறிந்தனர். அந்த ஆய்வின் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கும் மருந்தானது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். அளவு மாறினால் எந்த மருந்தும் நஞ்சுதான்.

இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அதிபரே சாப்பிட்டிருக்காரு" என்றார். அன்று முதல் விடவில்லை.

கீரையை நிறுத்த வேண்டாம்

திரிங்காப்பில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. தோட்டக்காரர்கள் ஒரு கட்டுக் கீரையையும் ஒரு முட்டைக்கோஸையும் சும்மாவே கொடுப்பார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். உடனே அம்மா கீரையை அடியோடு நிறுத்தினார். பிறகு ஆசை வந்து ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டார். ஐ.என்.ஆர். என்ற இரத்த அளவு மேலும் கீழும் ஆடியது. அம்மாவுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்.

மருந்தகர்தான் தெளிவுபடுத்தினார்: "நிறுத்த வேண்டாம். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள்." வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ எடுப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். மலத்தில், சிறுநீரில் இரத்தம் வந்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான் போன்ற புதிய மருந்துகள் இப்போது பலருக்குத் தரப்படுகின்றன. ஆனால் அம்மாவைப் போல மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின்தான். ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல.

சிலருக்கு மின் அதிர்வு கொடுத்துத் தாளத்தைத் திருப்புவார்கள். பிரிட்டனின் பிரதமராக இருந்த டோனி பிளேருக்கு 2003இல் அப்படிச் செய்தார்கள். மறு ஆண்டு கதீட்டர் வழியாகவும் சிகிச்சை பெற்றார். கோளாறான துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் இரத்தக்குழாய்களின் வாயிலில் தொடங்குகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டிய பிறகு, அந்த இடத்தைச் சுட்டு அடைக்கும் முறை பரவியது. யாருக்கு எது பொருந்தும் என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நிமிடம் போதும்

வீட்டுப் பெரியவர்களை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு தப்புவது பெரும்பாலும் ஆபத்தில்லை. தாளமே இல்லாமல் ஓடினால் இ.சி.ஜி. எடுங்கள். இது வந்து வந்து போகும் நோய் என்பதால், சிலருக்கு 24 மணி நேரப் பதிவுக் கருவி தேவைப்படும். நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், சரியாகிப் போனாலும், 999ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. பள்ளி விடுமுறையில் கியா ஃபார்ம் சாலையில் வாகனங்கள் நிற்கும் நிற்பைப் பார்த்தவர்களுக்கு, மலையில் அந்த நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

இப்போது நான் "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. மாத்திரைப் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் வரும். நேற்று அதோடு ஒரு குரல் பதிவும் வந்தது: "பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாடி பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. நீ உனக்குப் பார்த்தியா?"