தீக்குதிரை ஆண்டும் 1.58 என்ற எண்ணும்

தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 1.8 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ‘ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை’ என்றே பலரும் படித்துவிட்டுப் போகிறோம். எந்தப் பெண்ணுக்கு, எந்த வயதில்? ஜப்பானில் 1966-இல் நடந்ததைப் பார்த்தால் விளங்கிவிடும்.

நம் பிரபவ, விபவ போல அங்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. அதில் ஒன்று ‘ஹினோஎ உமா’, அதாவது தீக்குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனைக் காவு வாங்குவாள் என்று நம்பினார்கள். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லியே நம்மூரில் எத்தனை பெண்களின் கல்யாணத்தைத் தடுத்திருக்கிறார்கள்! அதே கொடுமைதான். மகளுக்கு அந்தப் பழி வேண்டாம் என்று பெற்றோர் பயந்தார்கள். 1965-இல் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966-இல் பிறந்தவை 13.6 லட்சம். அடுத்த ஆண்டே 19.3 லட்சம். கருவுறுதல் விகிதம் 2.14-இலிருந்து 1.58-க்குச் சரிந்து, உடனே 2.23-க்கு ஏறியது.

அப்படியானால் அன்றைய ஜப்பானியப் பெண்கள் ஒன்றரைக் குழந்தையோடு நிறுத்திக்கொண்டார்களா? இல்லை, பலர் ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதுப் பெண்களிடமும் அந்த ஆண்டில் இருந்த பிள்ளைப்பேற்று வீதத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதே இந்த விகிதம். ஒருத்தி தன் வாழ்நாள் முழுக்க அதே வீதங்களின்படி பெற்றால் எத்தனை பெறுவாள் என்ற அனுமானக் கணக்கு இது. ஒரு தலைமுறைப் பெண்கள் உண்மையில் எத்தனை பெற்றார்கள் என்பது அவர்கள் 50 வயதைத் தொட்ட பிறகுதான் தெரியும்.

மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுசெய்ய ஏறக்குறைய 2.1 வேண்டும். இரண்டு போதாதா என்றால், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன. பிள்ளைபெறும் வயதை எட்டாமலே சில பெண்கள் இறந்தும்போகிறார்கள்.

ஜப்பானை உண்மையில் உலுக்கியது 1989-இன் எண்: 1.57. தீக்குதிரை ஆண்டைவிடக் குறைவு, பழிபோட மூடநம்பிக்கையும் இல்லை. ‘1.57 அதிர்ச்சி’ என்றே அதற்குப் பெயர் வந்தது. தாமதக் கல்யாணமும் கல்யாணமே வேண்டாம் என்ற முடிவும் பெருகியிருந்தன. 2024-இல் விகிதம் 1.15, பிறந்தவை 6.86 லட்சம்.

2026 மீண்டும் தீக்குதிரை ஆண்டு. நமக்கு 1966-ஐப் போலவே பராபவ. அதன் விகிதம் வெளியாகும்போது அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 2027-இன் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.