சேர்க்கையில் கையெழுத்து, பட்டமளிப்பில் காத்திருப்பு

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு இ-சேவை மையங்களில் நிற்கும் கூட்டத்தில் பலர் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக வந்தவர்கள். அந்த விண்ணப்பம் அப்பா எதுவரை படித்தார், அம்மா எதுவரை, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி எதுவரை, கூடப் பிறந்தவர்களில் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்கிறது. மாணவரின் மதிப்பெண்ணுக்கு அதில் வேலையே இல்லை. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி கிடையாது என்று உறுதிமொழி கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு சான்றிதழ் வருகிறது. 2010-ல் வந்த இந்தத் திட்டத்தில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறை மாணவரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே சலுகை. மூத்தவள் வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது, நாளை அவள் பிள்ளைக்கும் கிடையாது. கடுமையான விதிதான். ஆனாலும் ஒரு பட்டத்தைக் குடும்பம் முழுவதற்கும் உரிய நிகழ்வாக அரசே ஏற்றுக்கொள்ளும் இடம் இது.

அரசோடு இது நிற்பதில்லை. கல்விக் கடன் கேட்டுப் போனால், 4 லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்து அடமானம் கேட்பதில்லை, ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போனால் வங்கி இவர்களையும்தான் தேடி வரும். கல்லூரிக்குள் போனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள் காத்திருக்கின்றன. மாணவர் ஒரு உறுதிமொழி தர வேண்டும், பெற்றோர் தனியாக ஒன்று தர வேண்டும். வருகைப் பதிவு குறைந்தால் துறைத் தலைவர் வீட்டுக்குத்தான் போன் போடுகிறார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, அவர் அறை வாசலில் நின்று, மகனுக்காக மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற தகப்பனைப் பார்க்காத கல்லூரி இங்கே இருக்காது. பொறுப்பு என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் பெற்றோர் தேவைப்படுகிறார்கள்.

பட்டமளிப்பு விழாவில் நிலைமை மாறிவிடுகிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் தங்கப் பதக்கம் பெறுபவர்களும் முனைவர் பட்டம் பெறுபவர்களும் மேடை ஏறுவார்கள், மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு நேரில் வராமலே பட்டம் வழங்கப்பட்டதாக அறிவிப்பார்கள். அவர்களுக்கு இருக்கும் விழா என்பது அவரவர் கல்லூரி நடத்துவதுதான். அங்கும் முன்வரிசைகளில் சிறப்பு விருந்தினர்களும் பேராசிரியர்களும், நடுவில் அங்கி அணிந்த பிள்ளைகளும் இருப்பார்கள். பெற்றோருக்குக் கடைசி வரிசைகள் கிடைக்கும், பல இடங்களில் அதுவும் கிடைக்காமல் வெளியே பந்தலில் திரை வைத்துக் காட்டுவார்கள். விழா முடிந்ததும் வாசலில் நடப்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டு, தொப்பியை அப்பா தலையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். அங்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒலிபெருக்கி அவசரப்படுத்துகிறது. விழாவில் பெற்றோருக்குக் கொடுக்காத இடத்தைப் பிள்ளைகள் வாசலில் தாங்களாகவே கொடுத்துக்கொள்கிறார்கள். நுழையும்போது கணக்கில் எடுத்த குடும்பத்தை முடிக்கும்போதும் கணக்கில் எடுக்க வேண்டும், பெற்றோரின் பெருமைக்கு விழாவுக்குள்ளேயே முறையான இடம் வேண்டும் என்பதே என் வாதம்.

தேர்வு எழுதியது பிள்ளை, பெற்றோருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தேர்வு பிள்ளையுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வு அறைவரை ஒருவரைக் கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலை. முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். பெண் பிள்ளைக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில், அவருடைய தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வைத்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது மற்ற மாணவர்களின் பெற்றோர் எதிர்த்தார்கள், மன்னர் இடம் கொடுத்த பிறகே படிப்பு நடந்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பெற்ற பட்டம் அவருடைய உழைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊருக்கு எதிராக நின்ற தகப்பனுக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்லவும் யாராலும் முடியாது. இன்று அந்த எதிர்ப்பின் உருவம் மாறியிருக்கிறது. பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்பாதே, கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தைக் கரைக்காதே என்று உறவுக்காரர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பதும் ஒரு தாயின் உழைப்பில் சேரும்.

பட்டத்துக்கே மதிப்பில்லாத காலத்தில் பெருமை எதற்கு என்பது இதைவிட வலுவான கேள்வி. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டுச் சராசரி 28.4. பட்டம் இங்கே அரிய பொருள் இல்லை. பி.இ. முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம், கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. இந்த வேதனையைச் சின்னதாக்கிப் பேசுவது நியாயமல்ல. ஆனால் வேலை தராதது சந்தை, சரியாகக் கற்றுத்தராதது கல்லூரி. அந்த இரண்டின் குறைக்காக, தன் பங்கைக் குறைவில்லாமல் செய்து முடித்த குடும்பம் தலைகுனிய வேண்டியதில்லை. அரிதாக இருந்தால்தான் பெருமை என்பதும் ஊர்க்கணக்குதான். அக்கம்பக்கத்தில் நூறு பட்டதாரிகள் இருந்தாலும், பத்திரத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் வங்கி நோட்டீசையும் படித்துச் சொல்ல இதுவரை அடுத்த வீட்டைத் தேடிப் போன குடும்பத்துக்கு, அதற்கு வீட்டிலேயே ஓர் ஆள் வந்திருக்கிறது.

இந்தப் பெருமை பிள்ளைகளின் கழுத்தை நெரிக்கிறது என்பார்கள். எனக்கு மிகவும் உறுத்தும் மறுப்பு இதுதான், பாதி உண்மையும்கூட. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள வசதியான படிப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுகிற பெற்றோர் ஏராளம். கட்டணச் சலுகையும் தொழிற்படிப்புக்கு மட்டும் என்று வைத்ததால், வரலாறோ தமிழோ படிக்க விரும்பிய பிள்ளையை அரசும் அதே பக்கம்தான் தள்ளியது. 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் கிடைப்பது நல்ல திருத்தம். இருந்தாலும் பிள்ளை சேர்வதற்கு முன்பே எழுகிற பெருமை வேறு, படித்து முடித்த பிறகு வருவது வேறு. முன்னது கட்டளை இடுகிறது. பின்னது நடந்து முடிந்ததைக் கண்ணால் பார்க்க மட்டுமே கேட்கிறது. அதையும் மறுத்துவிட்டால் பெருமை தெருவுக்கு வந்து பிளக்ஸ் பேனராகவும் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளாகவும் மாறி, ஒப்பீட்டுக்குத் தீனி போடும்.

அரங்கில் இடமில்லை என்பது நிர்வாகங்கள் சொல்லும் பதில். துறைவாரியாக இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து நடத்தினால் இடம் கிடைக்கும், உரைகளைச் சுருக்கினால் நேரமும் கிடைக்கும். தேதியை ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். கூலிக்குப் போகிறவர் ஒருநாள் வேலையை ஒதுக்கி, வெளியூர் பஸ்ஸுக்குப் பணம் புரட்ட அது போதும். அழைப்பிதழும் அறிவிப்புகளும் தமிழில் இருக்க வேண்டும், பட்டம் பெறுபவரின் பெயரை வாசிக்கும்போது உடன் வந்தவரின் பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அது அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் வேண்டாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பாட்டியும் சித்தப்பாவும் அக்காவும் படிக்க வைத்திருக்கிறார்கள், சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட்டவர்களும் அவர்கள்தான். யார் வர வேண்டும் என்பதைப் பட்டம் வாங்குகிறவர் எழுதிக் கொடுக்கட்டும், அந்தப் பெயருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கினால் போதும்.