விழுந்த தென்னையை அகற்ற எந்தக் கருவி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தோப்பை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மரம் போனதோடு அதை அகற்றும் செலவும் சேர்ந்தது. புயல் இல்லாத ஆண்டிலும் காற்றுக்கு நாலு மரம் விழத்தான் செய்கிறது. அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. மட்கும் தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். ஜேசிபிக்குக் காத்திராமல் வீட்டு ஆட்களைக் கொண்டே தடியை எடுக்க எது தேவை என்று தோப்பு வைத்திருப்போர் தெரிந்திருப்பது நல்லது.

கருவிக்கு முன் எடையைப் பார்க்க வேண்டும். சுற்றளவு 3 அடி, நீளம் 10 அடி உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, 12.5-ஆல் வகுத்து, நீளத்தால் பெருக்கினால் சுமார் 7 கன அடி. பச்சைத் தென்னையின் அடிப்பகுதி ஏறக்குறைய தண்ணீர் எடை இருக்கும். கன அடிக்கு 28 கிலோ வீதம் சுமார் 200 கிலோ ஆகிறது. மர வியாபாரிகள் சுற்றளவில் கால் பாகத்தை எடுத்துப் பெருக்குவார்கள். அதில் ஐந்தரை கன அடிதான் வரும். வியாபாரத்துக்கு அது வழக்கம். எடைக்கு அதை நம்பினால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

'நாலு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம்' என்பது நம்மவர்களின் வழக்கமான பேச்சு. ஆளுக்கு 50 கிலோ. ஒருவர் கால் வழுக்கினால் அவர் பங்கும் மற்ற மூவர் இடுப்பில் விழும். உண்மையில் தோப்பு வேலையில் தூக்க வேண்டிய இடம் மிகக் குறைவு. நெம்பலாம், உருட்டலாம், இழுக்கலாம்.

5 அடி கடப்பாரையில் நுனியிலிருந்து அரை அடியில் முட்டுக்கட்டை வைத்தால் விசை ஒன்பது மடங்காகும். அந்த 200 கிலோ தடியின் ஒரு முனையைக் கிளப்ப 11, 12 கிலோ அழுத்தம் போதும். கிளம்பியதும் கல்லோ ஆப்போ கொடுத்துவிட்டு, அடியில் இரும்புக் குழாய்த் துண்டோ சவுக்குக் கட்டையோ நுழைத்துத் தள்ளலாம். ஈர மண்ணில் உருளை புதையும். பலகை போட்டு அதன்மேல் உருட்ட வேண்டும்.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்ற இரண்டு நீளக் கட்டைகளைச் சாய்த்து வையுங்கள். இரண்டு கயிறுகளின் ஒரு முனையை டிரெய்லரில் கட்டி, தடிக்கு அடியில் விட்டு, மேலே சுற்றி எடுத்து, மறுபக்கம் நின்று இரண்டு பேர் இழுக்க வேண்டும். 3 அடி உயரத்துக்கு 12 அடிக் கட்டை என்றால் சாய்வினால் சுமை கால் பங்காகும். தடியே கப்பி போல உருளுவதால் அதிலும் பாதிதான் கைக்கு வரும். 200 கிலோ 25 கிலோ ஆகிவிட்டது. உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சரிவின் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, சிறுவர்கள் அறவே கூடாது.

டிராக்டரால் இழுப்பதானால் பின்புறம் தாழ்ந்த கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் தடி எங்காவது மாட்டும்போது முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே கவிழும். நைலான் கயிறு நீண்டு, அறுந்தால் சாட்டையாய் அடிக்கும். இழுக்கச் சங்கிலியே மேல்.

வாய்க்காலிலோ கிணற்றோரப் பள்ளத்திலோ விழுந்த தடிக்குத்தான் முக்காலியும் செயின் பிளாக்கும். 1 டன் அளவு போதும். தூக்கும் பெல்ட்டின் இரு கால்களும் கொக்கியில் அகல விரிந்தால் சுமை கூடும்: கோணம் 120 பாகை ஆனால் ஒவ்வொரு காலும் முழு எடையைத் தாங்க வேண்டிவரும். 60-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடப்பாரை, குழாய், கயிறு, ஆப்பு ஆகியவை ஒவ்வொரு தோப்பிலும் இருக்கட்டும். செயின் பிளாக்கை நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். கைமாறும்போதெல்லாம் கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விரிந்த கொக்கியைத் தட்டிச் சரிசெய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.