சதுரங்க வீடியோ: பாதிப் பாடம் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மந்திர் மார்க்கில் வசிக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காம் வகுப்பு. அன்று காலை சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டி. மூன்றாவது சுற்றில் தோல்வி.

"அந்தப் பையன் தப்பா ஆடிட்டான் மாமா. வீடியோல அது வரவே இல்லை" என்றான்.

தோற்றது இவன், தப்பாக ஆடியது அவனாம்! சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்த வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தேன். பையன் சொன்னதில் பாதி உண்மை. அது வரவே இல்லை.

பன்னிரண்டு நிமிட வீடியோ. பாடம் 'ஃபிரைட் லிவர்' என்ற தாக்குதல். (வறுத்த ஈரல் என்று அர்த்தம் சொன்னதும் நண்பரின் தாயார் சமையலறைக்குள் போய்விட்டார்.) ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் ஆடப்பட்ட பழைய உத்தி இது. வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாய்ந்து, பிஷப்பின் துணையோடு எஃப்7 சிப்பாயைக் குறி வைக்கும். கறுப்பு தன் டி சிப்பாயை முன்னே தள்ளி பிஷப்பின் வழியை மறிக்கும். வெள்ளை அதை வெட்டும். இப்போது கறுப்பு தன் குதிரையால் திருப்பி வெட்டினால் வந்தது வினை: வெள்ளை தன் குதிரையை எஃப்7-இல் பலி கொடுத்து, கறுப்பு ராஜாவை நடு வீதிக்கு இழுத்து வந்துவிடும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும்.

ஆனால் விவரம் தெரிந்தவர் யாரும் அப்படித் திருப்பி வெட்டுவதில்லை. இன்னொரு குதிரையை ஏ5 கட்டத்துக்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குவார்கள். ஒரு சிப்பாய் போகும். பதிலுக்குக் காய்கள் சுறுசுறுப்பாக வெளியே வரும், துரத்தும் வேலை கறுப்பின் கைக்கு மாறும். பல தலைமுறைகளாகப் புத்தகங்களில் இருக்கிற பதில் இது. பன்னிரண்டு நிமிடத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. எதிரி ஏமாறுவான் என்ற நம்பிக்கையிலேயே பாடம் முடிந்துவிட்டது.

எதையும் விடாத வீடியோ என்று ஒன்று இருக்கவே முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு நகர்த்தல் முடிந்ததுமே 400 நிலைகள் வரலாம். இரண்டு முடிந்தால் எழுபதாயிரத்துக்கும் மேல். எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். விடுவது குற்றமில்லை. எதிரியின் மிகச் சிறந்த பதிலை விட்டுவிட்டு, விட்டதையும் சொல்லாமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நண்பரோ இதற்குள் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வீடியோ வகுப்பு வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருக்குச் சதுரங்கம் தெரியாது. "நல்லதா கெட்டதான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார். தெரிந்துகொள்ளலாம். வகுப்பின் இலவச மாதிரிப் பகுதியைப் போட்டு, எதிரியின் ஒவ்வொரு நகர்த்தலிலும் நிறுத்துங்கள். லிச்செஸ் என்ற இலவச இணையதளத்தில் அதே நிலையை வைத்தால், பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே எதை எத்தனை முறை ஆடியிருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். அந்த வரிசையின் முதல் நகர்த்தல் வீடியோவில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பத்தாவது நகர்த்தலுக்குப் பிறகு என்ன செய்வது என்று ஒரு முழு ஆட்டமாவது காட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள்.

வீடியோவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் விஸ்வநாதன் ஆனந்தும் திரையில் வந்ததைக் கொண்டு பழகியவர்தான். 1970-களின் இறுதியில், தந்தையின் ரயில்வே பணி காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தது. நம்மைப் போல ஊரை விட்டுப் போன குடும்பம். அங்கே மதிய நேரத்தில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் சுசீலா ஆட்டங்களையும் புதிர்களையும் கையால் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் பலகையில் காய்களை வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். புதிருக்கு விடை அனுப்பினால் புத்தகம் பரிசு. பையன் வாங்கிக் குவித்ததில், "வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம்.

குகேஷ் கதையும் இதையொட்டியதுதான். 2019 ஜனவரியில் நம் தில்லியில் நடந்த சர்வதேச ஓபன் போட்டியில், 12 வயதில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அதுவரை கணினியின் விடையைப் பார்க்காமல், சொந்த மூளையால் கணக்குப் போட வைத்தே பழக்கியிருந்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அந்தப் பிள்ளை உலக சாம்பியன் ஆனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நண்பர் வகுப்பு வாங்குவதைத் தள்ளிப் போட்டுவிட்டு, 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். போன வாரம் போனபோது மகன் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தான். எதிரே கறுப்புக் காய்களோடு பாட்டி. "இந்தக் குதிரையை எங்கேடா வைக்கணும்?" என்று கேட்டார். பையன் வீடியோவைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தான்.