கிரயத்துக்கு முன் கூரையைப் பாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் கடைத்தெருக்களில் பழைய கட்டடம் வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை.

2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் கனமழையால் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது.

நம் பழைய கடைகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் தளமே உள்ளது. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக அடுக்கிக் கட்டியது. சட்டத்தின் முனை சுவருக்குள் இருப்பதால், ஈரமும் கறையானும் அரிப்பது வெளியே தெரியாது. புது வெள்ளையடிப்பைக் கண்டு ஏமாறாமல், முனைகளை உளியால் குத்திப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை உள்ளே நின்று பாருங்கள். பழுதுச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஒழுகலுக்குச் சிமெண்டை மேலே மேலே பூசிப் பாரம் ஏற்றாதீர்கள்.

அந்தக் கூரையின் கீழ் கடை நடத்தப்போகிறவரும் நம்மைப் போன்ற வணிகரே.