டிஸ்க் இல்லாத கணிப்பொறியும் விழித்தெழும்!

விஷ்ராந்த்வாடியில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கணிப்பொறி பழகுகிறார்கள். இருப்பவை அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்கு பழைய பெட்டிகள். நான்கும் வெவ்வேறு கம்பெனிகளின் தயாரிப்பு. அவற்றில் மூன்றின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, "டிஸ்க்கே இல்லாமல் ஓட்டலாம்" என்றார் நண்பர். நான்காவது பெட்டியை சர்வர் ஆக்கினார்.

எப்படி என்கிறீர்களா? நெட்வொர்க் அட்டையில் சிறு புரோகிராம் ஒன்று பதிந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது கம்பி வழியே, "என் முகவரி என்ன? எந்தக் கோப்பைப் படித்து நான் எழ வேண்டும்?" என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். சர்வர் இரண்டையும் சொல்லும். அந்தச் சிறு கோப்பு வந்து சேர்ந்ததும், மீதி எல்லாவற்றையும் சர்வரிலிருந்தே வரவழைத்துக்கொள்ளும்.

கேட்பது ஒரு கம்பெனியின் பெட்டி. பதில் சொல்வது வேறொரு கம்பெனியின் சர்வர். இருவருக்கும் பொதுமொழி ஏது? 1985-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பில் கிராஃப்ட்டும், சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் 'பூட்பி' என்ற விதிமுறையை எழுதி, ஊரறிய வெளியிட்டார்கள். அதன் வழிவந்த 'டிஹெச்சிபி' 1993-இல் வந்தது. 1999-இல் இன்டெல் வெளியிட்ட 'பிஎக்ஸ்இ' 2.1 விதிமுறையும் இதன்மேல் கட்டியதே. விதிகளை ஒளித்து வைக்காததால்தான் எந்தப் பெட்டியும் எந்த சர்வரோடும் பேச முடிகிறது.

ஆனாலும் முதல் ஞாயிறு ஒரு திரையும் ஒளிரவில்லை! வீட்டு இன்டர்நெட் பெட்டி முந்திக்கொண்டு முகவரியைக் கொடுத்தது. கோப்பின் பெயரைச் சொல்லவில்லை. நண்பர் சர்வரில் 'டிஎன்எஸ்மாஸ்க்' என்ற இலவசப் புரோகிராமை அமைத்தார். முகவரியை இன்டர்நெட் பெட்டியே தரட்டும், கோப்பின் பெயரை மட்டும் சர்வர் சொல்லட்டும் என்று வேலையைப் பங்கிட்டார். அடுத்த ஞாயிறு மூன்று திரைகளும் ஒளிர்ந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

செய்து பார்க்க விரும்புவோர் மூன்றை நினைவில் கொள்க: சர்வர் நின்றால் எல்லாமே நிற்கும். வைஃபையை நம்பாமல் கம்பி இழுப்பதே நல்லது. பழைய 'பயாஸ்' பெட்டிக்கும் புதிய 'யூஇஎஃப்ஐ' பெட்டிக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். ஒரு பிள்ளைக்கு அது உதவும்.